பழைய நவஹோ போர்வையை இனங்காண்பது: வடிவத்தைக் கடைசியில் பாருங்கள்

அமெரிக்க ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் "நவஹோ போர்வை" என்ற சீட்டோடு தொங்கும் கம்பளித் துணிகளில் பல நவஹோ நெசவே அல்ல. சில மெக்சிகோவில் நெய்தவை. சில நியூ மெக்சிகோவின் ஸ்பானிய வழி நெசவாளர்கள் நெய்தவை. சில ஆலையில் இயந்திரம் நெய்தவை. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான நகல்களும் உண்டு. எல்லாவற்றிலும் அதே பட்டைகள், அதே சாய்சதுரங்கள் இருக்கும். வடிவத்தைப் பார்த்து அப்படியே நகலெடுத்துவிடலாம். பாவு, அதாவது தறியில் முதலில் இழுத்துக் கட்டும் நூல், ஓட்டிய முறையையும் கரை முடித்த விதத்தையும் நூலின் புரியையும் அப்படி நகலெடுத்துவிட முடியாது. அதனால் இந்த வழிகாட்டி அளவில் தொடங்கி, கரைக்கும் நூலுக்கும் சாயத்துக்கும் போய், அதன் பிறகே வடிவத்துக்கு வருகிறது. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்துதான் ஏமாறுகிறார்கள்.

தினே என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் நவஹோ மக்களின் நிலம் இன்றைய அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. நெசவை அண்டை அயலாரான புவெப்லோ மக்களிடமிருந்து 17ஆம் நூற்றாண்டில் கற்றார்கள். ஆடுகள் ஸ்பானியர் வழியாக வந்தவை. உறுதியாகக் காலம் சொல்லக்கூடிய மிகப் பழைய துணிகள் டி ஷேய் பள்ளத்தாக்கின் ஒரு குகையில் கிடைத்தன. 1805 ஜனவரியில் ஸ்பானியப் படை அங்கே ஒளிந்திருந்த நவஹோக்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களோடு கிடந்த துணித் துண்டுகள் அவை. அன்றிலிருந்து 1880-கள் வரை நெய்த மெல்லிய, உடலில் போர்த்தும் துணிகளைத்தான் இங்கே போர்வை என்கிறோம். 1880-களில் ரயில் வந்தது, ஆலைப் போர்வை மலிவாகக் கிடைத்தது. கம்பளி வாங்கிய வணிகர்கள் கிழக்கு மாநில வீடுகளின் தரைக்கு விரிப்பு கேட்டார்கள். நெசவு கனமானது. விரிப்புகள் தனிப் பாடம், இங்கே தேவைப்படும் இடத்தில் மட்டும் அவை வரும்.

கையில் எடுக்கும் முன்

வேண்டியவை: அளவு நாடா, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், முனை மழுங்கிய தையலூசி, வெள்ளைப் பருத்தித் துப்பட்டி விரித்த பெரிய மேஜை. கையைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள்; மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. 150 வருடப் பழைய கம்பளியில் கரைக் கயிறு முதலில் அறுவது அப்படித்தான். இரண்டு கைகளையும் அடியில் விரித்து, குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து மேஜையில் வையுங்கள்.

முதல் பத்து விநாடியில் ஒரு வகையைக் கழித்துவிடலாம். துணியைப் புரட்டுங்கள். முன்பக்கம் சிவப்பாக இருந்த இடம் பின்பக்கம் கறுப்பாகவும், கறுப்பு சிவப்பாகவும் நிறம் மாறித் தெரிந்தால் அது ஆலைத் துணி. ஆரிகனில் 1909 முதல் நெய்யும் பென்டில்டன் போர்வைகள் இந்த வகை. நவஹோ மக்களே அவற்றை விரும்பிப் போர்த்தினார்கள், இன்றும் கல்யாணத்திலும் பட்டமளிப்பிலும் பரிசாகத் தருகிறார்கள். ஆனால் அவர்கள் நெய்தவை அல்ல. நவஹோ போர்வையில் இரண்டு பக்கமும் ஒரே வடிவம், ஒரே நிறம்.

படி 1: பாவு எந்தப் பக்கம் ஓடுகிறது?

இந்த நெசவில் பாவுக்குக் குறுக்கே போகும் ஊடை நூல் பாவை முழுவதுமாக மூடிவிடும். பாவு நூல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விரலுக்குத் தெரியும். மேற்பரப்பில் விரலை மெதுவாக ஓட்டினால் ஒரு திசையில் மெல்லிய வரம்புகள் தட்டுப்படும். வரம்பு ஓடும் திசைதான் பாவின் திசை. இதை உறுதி செய்தபின் அளவெடுங்கள். எப்போதும் பாவின் நீளத்தை முதலிலும் ஊடையின் அகலத்தை அடுத்தும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் போர்த்திய, வணிகர்கள் 'சீஃப்' போர்வை என்று சொல்லும் வகையில் அகலம் நீளத்தைவிட அதிகம்: பாவு 50 முதல் 60 அங்குலம், ஊடை 65 முதல் 80 அங்குலம் வரை. பெண்களின் தோள் போர்வையும் இதே போக்குதான், அளவு சிறியது. செராப்பே என்ற நீளப் போர்வை வகை இதற்கு மாறு. பாவுப் பக்கம் நீளம். ஸ்பானிய வழி நெசவாளர்களின் ரியோ கிராண்டே போர்வைகளும் மெக்சிகோவின் சால்டியோ போர்வைகளும் பாவுப் பக்கமே நீண்டவை. ஆகவே அகலம் கூடிய பழைய துணி கிடைத்தால் நவஹோ, புவெப்லோ என்ற இரண்டுக்குள் சந்தேகம் சுருங்கிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெண்கள் அணிந்த 'பீல்' என்ற உடை ஒரே மாதிரியான இரண்டு துணிகளைத் தோளிலும் பக்கங்களிலும் தைத்தது. நடுவில் கறுப்பு அல்லது கரும்பழுப்பு, மேலும் கீழும் சிவப்புப் பட்டையில் நீல வடிவங்கள். ஜோடி பிரிந்துபோன ஒற்றைத் துணி, ஏறக்குறைய 30-க்கு 48 அங்குலம், "குழந்தைப் போர்வை" என்று விற்பனைக்கு வருவதுண்டு. பக்கக் கரைகளில் பழைய தையல் துளைகளும், தோள் வரும் இடத்தில் தேய்மானமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது உடையின் பாதி.

படி 2: நான்கு கரைகள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஏன் என்பதற்குத் தறியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நவஹோ தறி நிமிர்ந்து நிற்பது. நெசவாளர் தரையில் உட்கார்ந்து கீழிருந்து மேலாக நெய்கிறார். பாவை முதலில் ஒரு தற்காலிகச் சட்டத்தில், இரண்டு கழிகளுக்கு இடையே எட்டுப் போட்டபடி ஒரே நூலாகச் சுற்றுவார்கள். பிறகு இரு முனையிலும் முறுக்கிய கயிற்றைப் பாவு மடிப்புகளுக்கு ஊடே பின்னிக்கொண்டு போவார்கள். பாவு நூல்களுக்கு இடையே சீரான இடைவெளியைத் தருவது இந்தக் கயிறுதான். அதன் பிறகே அது தறியில் ஏறும். மேலே தனிக்கழி ஒன்றைக் கயிற்றால் இழுத்துக் கட்டி விறைப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். ஊடையைக் கொண்டு ஓடும் நாடா கிடையாது, மிதி கிடையாது. பாவுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக முன்னே இழுக்க ஒரு விழுதுக் கோல், மற்றவற்றைப் பிரித்து வைக்க ஒரு பிரிகோல், நெய்யும்போது பாவைத் திறந்து வைக்க ஒரு தட்டைப் பலகை, ஊடையைக் கீழே அமுக்க ஒரு மரச் சீப்பு, அவ்வளவுதான்.

இதன் விளைவு: பாவு எங்கும் வெட்டப்படுவதில்லை. துணி தறியிலிருந்து இறங்கும்போதே நான்கு பக்கமும் முடிந்த கரையோடு வருகிறது. கடைசி சில அங்குலங்களில் பலகை நுழைய இடமிருக்காது. மெல்லிய குச்சியாலும் ஊசியாலும் ஒவ்வொரு ஊடையாகத் திணித்து முடிப்பார்கள். அதனால் ஒரு முனையில் நெசவு சற்று இறுகியோ நெளிந்தோ இருக்கும். அது குறை அல்ல, நல்ல அடையாளம்.

பார்க்க வேண்டியவை இவை. மேல், கீழ் முனைகளில் பாவு நூல் மடிந்து திரும்புகிறதா? அந்த மடிப்புகளுக்குள் முறுக்குக் கயிறு ஓடுகிறதா? இரு பக்கக் கரைகளிலும் சில ஊடைகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றியபடி ஏறும் கயிறுகள் இருக்கின்றனவா? நான்கு மூலைகளிலும் கயிறுகள் சேர்ந்து முடிந்து சிறிய குஞ்சம் தொங்குகிறதா? பழையவற்றில் கயிறு பல இடங்களில் அறுந்திருக்கும், குஞ்சம் உதிர்ந்திருக்கும், பரவாயில்லை. நான்கு பக்கத்திலும் எங்காவது ஓரிடத்தில் மூலக் கயிறு மிஞ்சியிருந்தாலே போதும். கயிறு முழுவதும் பளிச்சென்று ஒரே சீராக இருந்தால் அதுதான் யோசிக்க வைக்க வேண்டும். கரை புதிதாகக் கட்டப்பட்டிருக்கலாம்.

காலால் மிதித்து இயக்கும் தறியில் பாவு நீளமாகச் சுற்றப்பட்டு, துணி முடிந்ததும் வெட்டப்படும். வெட்டிய பாவு முனைகளை முடிச்சுப் போட்டுக் குஞ்சமாக விடுவார்கள். அப்படி விட்டால் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் மெக்சிகோவின் ஓவஹாக்காவில் நெய்யும் நவஹோ பாணி நகல்களில், வெட்டிய முனைகளை ஊசியால் நெசவுக்குள்ளேயே திருப்பி இழுத்துவிடுவதும் உண்டு. அப்போது முனையிலிருந்து ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் தள்ளித் துணி தடிப்பாக இருக்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே முனையை வைத்து உள்நோக்கி நகர்த்துங்கள், தடிப்பு முடியும் இடம் தெரிந்துவிடும். இன்னொன்று: மிதித்தறித் துணிகளில் பக்கக் கரையின் கடைசிப் பாவுகள் இரண்டு மூன்றாகச் சேர்த்து ஓட்டப்பட்டிருக்கும்; கரை கயிறுபோல் உருண்டு தெரிந்தாலும் அது பாவுக் கற்றைதான், சுற்றி ஏறும் கயிறு அல்ல.

ரியோ கிராண்டே போர்வைகளில் சரி நடுவில் தையல் இருக்கும், அல்லது நடுவில் சில பாவுகள் இரட்டையாக ஓடி நீள வரம்பாகத் தெரியும். தறியின் அகலம் போதாமல் இரண்டு பாதியாகவோ இரண்டு அடுக்காகவோ நெய்ததன் தடம் அது. சால்டியோ போர்வையிலும் நடுத்தையல் உண்டு. நவஹோ போர்வையில் நடுத்தையல் வராது.

விதிவிலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். 1880-க்குப் பிறகு ஆலை நூலில் நெய்த சில நவஹோத் துணிகளில் அழகுக்காகத் தனியாகக் குஞ்சம் தைத்திருப்பார்கள். 20ஆம் நூற்றாண்டில் சுற்றுலாப் பயணிகளுக்காக நெய்த சிறு துணிகளில் ஒரு முனையில் மட்டும் பருத்திப் பாவு குஞ்சமாக நிற்கும். ஸ்பானிய வீடுகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த நவஹோப் பெண்கள் நெய்த துணிகளில் இரு மரபின் கூறுகளும் கலந்து வரும். இந்த மூன்றும் போர்வை வகைப்பாட்டின் ஓரங்கள். தொடக்கத்தில் நடுவைக் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 3: சாய்கோடு

ஒரே நிறத்தில் அகலமாக இருக்கும் பட்டையைத் தேடி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நெசவுக்குள் படிக்கட்டாக ஏறும் மெல்லிய சாய்கோடுகள் தெரியலாம். வணிகர்கள் இதற்கு 'லேஸி லைன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐந்து, ஆறு அடி அகலத் துணியில் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டாது. அதனால் எட்டும் பகுதியை ஒரு சாய்வாக நெய்து ஏற்றிவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து அடுத்த பகுதியை அந்தச் சாய்வோடு சேர்ப்பார்கள். இரண்டு பகுதியின் ஊடையும் அடுத்தடுத்த பாவுகளில் திரும்புவதால் கோடு உண்டாகிறது. மிதித்தறியில் ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நேராகப் போவதால் இது தோன்றாது.

சாய்கோடு இருந்தால் வலுவான சான்று. இல்லாவிட்டால் அது எதையும் காட்டாது. குறுகிய துணிகளிலும் வடிவம் நிறைந்த துணிகளிலும் கண்ணில் படாமல் போகும். செங்குத்தாகவோ ஒழுங்கில்லாமலோ ஓடும் கோட்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் பழுது பார்த்த இடத்தின் எல்லை.

படி 4: நூல்

தேய்ந்த கரையிலோ சிறு கிழிசலிலோ பாவு வெளியே தெரியும் ஓரிடத்தைக் கண்டுபிடித்து லென்ஸை வையுங்கள். பழைய நவஹோ பாவு கையால் நூற்ற ஒற்றைப்புரிக் கம்பளி, அதாவது ஒரே இழையாக முறுக்கியது. நூலைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால் முறுக்கின் இழைகள் கீழ் இடமிருந்து மேல் வலமாகச் சாய்ந்திருக்கும். நெசவுத் துறையில் இசட் முறுக்கு என்பார்கள். ரியோ கிராண்டே போர்வையின் பாவு பெரும்பாலும் இரட்டைப்புரி. ஆலையில் செய்த வெள்ளைப் பருத்திப் பாவு தெரிந்தால், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு முன் போகாதீர்கள். அதுவும் நவஹோவாக இருந்தால்தான். நகல்களிலும் பருத்திப் பாவு சாதாரணம்.

எண்ணிக்கையை இப்படி எடுங்கள். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பாவு வரம்புகள் என்று மூன்று வெவ்வேறு இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். ஊடையை எண்ணும்போது ஒரே வரம்பின்மேல் தெரியும் ஊடைகளை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஒவ்வொரு வரம்பின்மீதும் ஒன்றுவிட்டு ஒரு ஊடைதான் முன்பக்கம் தெரியும், மற்றது பின்னால் போகிறது. பெருக்காமல் விட்டுவிட்டுப் "பட்டியலில் 60 என்று போட்டிருக்கிறான், எனக்கு 30-தான் வருகிறது" என்று குழம்புவது வழக்கமான தவறு. நல்ல பழைய போர்வைகளில் பெரும்பாலும் பாவு 8 முதல் 14, ஊடை 40 முதல் 80 வரை இருக்கும். தரை விரிப்புகளில் ஊடை 20, 30 என்று இறங்கிவிடும். கையில் மடித்தால் விறைத்து நிற்கும். போர்வை அப்படி நிற்காது, வழிந்து விழும்.

அடுத்தது ஊடை நூலின் வகை. காலத்தைச் சொல்வது இதுதான். கொலராடோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் மானுடவியலாளர் ஜோ பென் வீட் 1970-களில் அருங்காட்சியகங்களில் இருந்த போர்வைகளை நூல் நூலாக ஆராய்ந்து வகுத்த முறையைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். சுருக்கம் இதோ.

கைநூல்: ஒற்றைப்புரி, தடிமன் ஏறி இறங்கும். ஸ்பானியர் கொண்டுவந்த சுர்ரோ இன ஆட்டின் நீண்ட, எண்ணெய்ப் பசை குறைந்த மயிராக இருந்தால் மினுமினுப்பு தெரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராம்புய்யே இன ஆடுகள் கலந்தபின் மயிர் குட்டையாகி, சுருண்டு, பிசுக்கேறியது. கைநூல் திப்பிதிப்பியாகவும் நிறம் மங்கலாகவும் இருந்தால் அந்தக் காலத்தை நினையுங்கள்.

பயேட்டா: ஐரோப்பியச் சிவப்புக் கம்பளித் துணியை வாங்கிப் பிரித்தெடுத்த நூல். நவஹோக்களுக்கு நல்ல சிவப்புச் சாயம் கைவசம் இல்லாததால் இந்த வேலை. நூல் மிக மெல்லியது, பெரும்பாலும் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து ஒரு ஊடையாகப் போட்டிருப்பார்கள். துணியில் இருந்தபோது ஏற்பட்ட நெளிவு லென்ஸில் தெரியும்.

சாக்ஸனி: முப்புரி ஆலை நூல், பட்டுபோல மெதுவானது, இயற்கைச் சாயம். 1865-க்கு முந்திய போர்வைகளில் வரும், அரிது.

ஜெர்மன்டவுன்: பென்சில்வேனியாவின் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஆலை நூல், செயற்கைச் சாயம். முப்புரியாக இருந்தால் ஏறக்குறைய 1864 முதல் 1875 வரை. நாற்புரியாக இருந்தால் 1875-க்குப் பின். புரியை எண்ண, அறுந்த நுனி ஒன்றை லென்ஸின் கீழ் ஊசியால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். நுனி இல்லாவிட்டால் நல்ல நூலை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டாம்.

அமெரிக்க ஃபிளானல் துணியைப் பிரித்த நூலும் 1860-களின் பிற்பகுதி முதல் வரும். பயேட்டாவைவிடப் பஞ்சு பறந்து, செயற்கைச் சிவப்போடு இருக்கும். விற்பவர்கள் இதையும் பயேட்டா என்றே சொல்வார்கள். விலையில் பெரிய வித்தியாசம்.

எல்லாவற்றையும் குறித்தபின் ஒரே விதி: போர்வையின் வயது அதிலுள்ள மிகப் புதிய நூலின் வயதைத் தாண்டாது. ஒரு துணியில் வெள்ளையும் பழுப்பும் கைநூல், நீலம் அவுரி, சிவப்பு பிரித்தெடுத்த நூல், பச்சைக் கோடு இரண்டு மட்டும் நாற்புரி ஜெர்மன்டவுன் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு கோடுகள் போதும், அது 1875-க்குப் பிந்தியது. ஆனால் தீர்ப்புச் சொல்லும் முன் அந்தப் பச்சை நூல் மூல நெசவா, பின்னாளில் கிழிசலை அடைத்ததா என்று பார்க்க வேண்டும். பழுதானால் அந்த இடத்தில் பாவும் புதிதாக இருக்கும், அல்லது நூல் பட்டை முழுக்க ஓடாமல் திட்டாக நிற்கும்.

படி 5: சாயம்

வெள்ளையும் பழுப்பும் ஆட்டின் நிறம். சாம்பல் நிறம் இரண்டையும் கலந்து சிக்கெடுத்தது. நீலம் அவுரி, மெக்சிகோ வழியாகக் கட்டியாக வந்ததை நாட்பட்ட சிறுநீரில் ஊறவைத்து நூலை முக்கினார்கள். மஞ்சளைக் காட்டுச் செடிகளிலிருந்து எடுத்தார்கள். பச்சை பெரும்பாலும் மஞ்சளும் அவுரியும் சேர்ந்தது.

சிவப்புதான் சிக்கலானது, நம்மவர்க்குச் சுவாரசியமானதும்கூட. 1860-க்கு முந்திய பயேட்டாச் சிவப்பில் அடிக்கடி காணப்படுவது அரக்கு. இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மரக்கிளைகளில் பூச்சி வைக்கும் அதே அரக்கிலிருந்து இறக்கிய சாயம், ஐரோப்பாவுக்குப் போய்த் துணியில் ஏறி, மெக்சிகோ வணிகத்தில் கைமாறி, நவஹோ பெண்ணின் கையில் பிரிக்கப்பட்டுப் போர்வைக்குள் போயிருக்கிறது. அரக்கு தனியாகவும் வரும், அமெரிக்கக் கண்டத்துக் கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியின் சாயத்தோடு கலந்தும் வரும். 1860-க்குப் பின் கொச்சினீல் மேலோங்குகிறது, பிறகு செயற்கைச் சாயம் இரண்டையும் ஓரங்கட்டுகிறது. அரக்கா கொச்சினீலா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். சில மில்லிமீட்டர் நூலை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். விலை உயர்ந்த துணிக்கு அந்தச் செலவு தகும்.

செயற்கைச் சாயத்தைச் சந்தேகிக்கக் கண்ணே போதும். ஊசியால் இரண்டு ஊடைகளை மெதுவாக விலக்கி உள்ளே பாருங்கள்: வெளியே வெளிறிய பழுப்பு, உள்ளே கத்தரிப்பூ நிறம் என்றால் செயற்கை. 1856-இல் முதல் செயற்கைச் சாயம் பிறந்தது. நவஹோ நெசவுக்கு அது ஆலை நூலோடு 1860-களின் நடுவில் வந்து சேர்ந்தது. அருகிலுள்ள வெள்ளையில் சிவப்பு கசிந்திருந்தால் எப்போதோ தண்ணீர் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கறுப்புப் பட்டை மட்டும் தேய்ந்து பாவு தெரிய, பக்கத்து வெள்ளை நன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம். சுமாக் இலை, பினியன் பிசின், இரும்புக் காவி சேர்த்துச் செய்த கறுப்பு காலப்போக்கில் கம்பளியை அரிக்கும். அங்கே மடிப்பு விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

படி 6: இப்போது வடிவம்

சீஃப் போர்வைகளை மூன்று கட்டங்களாகப் பிரிப்பார்கள். முதல் கட்டத்தில், சுமார் 1800 முதல் 1850 வரை, வெள்ளையும் கரும்பழுப்பும் அகலப் பட்டைகள், மேல் கீழ் முனைகளிலும் நடுவிலும் நீலக் கோடுகள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. யூட் மக்கள் இதை விரும்பி வாங்கினார்கள். ஷையான், லகோட்டா மக்கள் வரை இந்தப் போர்வைகள் வணிகத்தில் போயின. இரண்டாம் கட்டத்தில், 1840 முதல் 1870 வரை, அந்த நீலக் கோடுகளுக்குள் சிறு சிவப்புச் செவ்வகங்கள், பெரும்பாலும் 12. மூன்றாம் கட்டத்தில், 1860-களிலிருந்து, சாய்சதுரங்கள்: நடுவில் முழுமையாக ஒன்று, நான்கு பக்கங்களின் நடுவில் பாதி, நான்கு மூலைகளில் கால். கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவதால் வருடங்களை வேலி போல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேஜையில் விரித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அகலத்தை இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி மடித்துப் பாருங்கள். தோளைச் சுற்றிப் போர்த்தி முன்னால் ஓரங்கள் சேரும்போது, இரண்டு மூலைகளின் கால் சாய்சதுரங்கள் இணைந்து பாதியாகும், பக்கப் பாதிகள் இணைந்து முழுச் சதுரமாகும், நடுச் சதுரம் முதுகில் நிற்கும். பட்டைகள் உடலைச் சுற்றிப் படுக்கையாக ஓடும். உடலில் அணிவதற்காகவே கணக்கிட்ட வடிவம் இது. மடிக்கும்போது ஓரங்கள் பொருந்தாமல் அரை அங்குலம், ஓர் அங்குலம் தள்ளிப்போனால் கவலை வேண்டாம். பல அங்குலம் தள்ளினால் ஒரு முனை அறுந்து வெட்டிக் கரை கட்டப்பட்டிருக்கலாம். படி 2-க்குத் திரும்பிப் போங்கள்.

பெண்களின் தோள் போர்வையில் வெள்ளைக்குப் பதில் சாம்பலும் கறுப்பும் குறுகிய பட்டைகளாக வரும். மோக்கி வகையில் அவுரி நீலமும் கரும்பழுப்பும் நெருக்கமான மெல்லிய கோடுகள். தூரத்திலிருந்து ஒரே கருமையாகத் தெரியும். செராப்பேயில் படிக்கட்டு முக்கோணங்களும் சாய்சதுரங்களும் சிவப்புத் தளத்தின்மேல் நிறையும்.

நாலு புறமும் பட்டைக் கட்டம் போட்ட வடிவம் விரிப்புக் காலத்தது. கட்டத்தை ஓரிடத்தில் வெட்டிக்கொண்டு கரைவரை ஓடும் ஒற்றை நூல், நெசவாளரின் வழி என்று சொல்லப்படுவது, அந்தக் கட்டம் போட்ட விரிப்புகளில்தான் வரும். கட்டமே இல்லாத போர்வையில் அதைத் தேடி, இல்லையென்று நிராகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சான்றாகக் கொண்டு பேரம் பேசும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே வீண்.

மூன்றாம் கட்ட வடிவத்தை நவஹோ நெசவாளர்கள் 20ஆம் நூற்றாண்டு முழுக்க நெய்தார்கள், இன்றும் நெய்கிறார்கள். அது அவர்களுடைய வடிவம், மோசடி அல்ல. அதை 1865 என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

படி 7: வெளிச்சத்துக்கு முன் பிடித்தல்

இருவர் சேர்ந்து, மேல் முனையை ஒரு குழாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு முன் சில விநாடிகள் தூக்குங்கள். ஓட்டைகள், மெலிந்த இடங்கள், திட்டாக இறுகிய பழுதுகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். இருட்டறையில் புற ஊதா விளக்கு அடித்தால், பளீரென்று நீல வெள்ளையில் ஒளிரும் திட்டுகள் நவீன வெண்மையூட்டி கலந்த நூல். அதாவது அண்மைக்காலப் பழுது. பழுது பார்த்திருப்பது குற்றமில்லை, மறைத்து விற்பதுதான். எந்த அளவு மறுநெசவு என்று எழுத்தில் கேளுங்கள். சதவீதம் சொல்ல மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம். 2012-இல் கலிபோர்னியாவில் ஒரு முதல் கட்டப் போர்வை 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதனால்தான் இத்தனை கவனம். அதனால்தான் வாங்க ஆசைப்படுகிறவரிடமே மதிப்பீடும் கேட்கக் கூடாது. இரண்டாவது, 1990-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி பழங்குடி அல்லாதவர் செய்ததைப் பழங்குடிக் கைவினை என்று விற்பது குற்றம். ரசீதில் "நவஹோ பாணி" என்று இருந்தால் அது நவஹோ அல்ல என்று விற்பவரே எழுதித் தருகிறார். "நவஹோ நெசவு" என்று எழுதச் சொல்லுங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

கண்ணைப் பழக்க வாங்கத் தேவையில்லை. விண்டோ ராக்கில் நவஹோ தேச அருங்காட்சியகம், டூசானில் அரிசோனா மாநில அருங்காட்சியகம், ஃபீனிக்ஸில் ஹேர்ட் அருங்காட்சியகம், வாஷிங்டனில் அமெரிக்கப் பழங்குடியினர் தேசிய அருங்காட்சியகம் ஆகியவற்றில் நல்ல போர்வைகள் இருக்கின்றன. இணையத்தில் படம் பார்க்கும்போது வடிவப் படத்தை விட்டுவிட்டு, மூலைகளின் நெருக்கப் படத்தைத் தேடுங்கள். கானாடோ போன்ற நவஹோ ஊர்களில் இன்று நெய்கிறவரிடம் நேரடியாக வாங்கினால் நூல் எங்கிருந்து வந்தது, யார் நூற்றது, எந்தச் சாயம் என்று கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். விலையை அடித்துப் பேச வேண்டாம். சாதாரண அளவுத் துணி ஒன்றுக்கே நூற்பதும் நெய்வதுமாகப் பல நூறு மணி நேரம் போகிறது.

வீட்டில் வைத்துக்கொள்ளும்போது

துவைக்கவே வேண்டாம், உலர்சலவைக்கும் கொடுக்க வேண்டாம். செயற்கைச் சிவப்பு ஒருமுறை கசிந்தால் மீளாது. தூசிக்கு, நைலான் வலையை மேலே வைத்து, வாக்குவம் கிளீனரின் இழுவையைக் குறைத்து, பாவின் திசையில் மெதுவாக ஓட்டுங்கள்; இரண்டு பக்கமும்.

புதிதாக வீட்டுக்கு வரும் எந்தக் கம்பளியையும் மற்றவற்றோடு சேர்க்கும் முன் அந்துப்பூச்சிக்காக உறைய வையுங்கள். பூச்சியைவிட அதன் புழுதான் தின்னும், முட்டை கண்ணுக்குத் தெரியாது. துணியை மெல்லிய காகிதத்தோடு சுருட்டி, கனமான பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம், வீட்டு ஃப்ரீசராக இருந்தால் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். உடனே திறந்தால் ஈரம் நூலில் படியும், சாயம் கசியும்.

மடித்து அடுக்காமல் அமிலமற்ற காகிதம் சுற்றிய குழாயில் உருட்டி, மேலே மல் துணி போர்த்தி வையுங்கள். சுவரில் மாட்டுவதானால் ஆணி, கிளிப் எதுவும் கூடாது. அகலமான பருத்தி நாடாவில் வெல்க்ரோவைத் தைத்து, அந்த நாடாவை மேல் கரையின் முழு அகலத்துக்கும் கையால் தைக்க வேண்டும். ஊசி நூல்களுக்கு இடையே போக வேண்டும், நூலைத் துளைக்கக் கூடாது. வெல்க்ரோவின் மறுபாதியைச் சுவரில் பொருத்திய பலகையில் ஒட்டுங்கள். வெயில் நேரடியாகப் படாத சுவராகப் பார்த்து, சில மாதங்களுக்கு ஒருமுறை இறக்கி, பின்பக்கத்தையும் கரைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மணல்போல் உதிர்ந்த துகளோ, வெண்மையான மெல்லிய கூடோ தெரிந்தால் அன்றே பையில் போட்டு ஃப்ரீசருக்கு அனுப்புங்கள்.